மக்களின் மகிழ்ச்சி

2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற போர்த்துக்கேய மொழி அகராதிகளுள் ஒன்றான மிக்கேலிஸ், 'பெலே' என்பதை ஒரு சொல்லாக ஏற்றுப் பதிப்பித்தது. ஒப்பற்ற, இணையற்ற, தனிச்சிறப்புடைய என்பன அதற்குத் தரப்பட்ட பொருள்கள். இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கையொப்பமிட்டு விண்ணப்பித்ததன் பேரில் இது நிகழ்ந்தது. ஓர் ஆட்டக்காரரின் செல்லப்பெயர் அவர் மறைந்த நான்கு மாதங்களுக்குள் மொழியின் சொற்களுள் ஒன்றாகிவிட்டது. இதனினும் பெரிய மரியாதையை ஒரு நாடு தன் மகனுக்குச் செய்திருக்க இயலாது என்றே நாம் எண்ணினோம்.

ஆயினும் அதே நாட்டில், அதே காலத்தில், அதே குழுவில் ஆடிய வேறொருவர் இருந்தார். அவர் பெயர் எந்த அகராதியிலும் ஏறவில்லை. மக்கள் அவருக்கு வேறொரு பட்டம் சூட்டினார்கள்: 'மக்களின் மகிழ்ச்சி'. 1963இல் அவரைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்த இயக்குநர், அந்தப் பட்டத்தையே படத்திற்குப் பெயராக வைத்தார். பிரேசிலின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யாரென்று அந்நாட்டு முதியவர்களைக் கேட்டால், தயக்கமின்றிப் பெலே என்பார்களாம். நீங்கள் நேசித்தது யாரை என்று கேட்டால், முகம் மலர்ந்து, கரிஞ்சா என்பார்களாம். இந்த இரண்டு விடைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே சில சொல்ல விரும்புகிறோம்.

நம் நாட்டில் கால்பந்து என்றால் பெலே என்ற ஒரே பெயர்தான் நம் தலைமுறையின் செவிகளை எட்டியது. 1977 செப்டம்பரில் அவர் நியூயார்க் காஸ்மாஸ் குழுவோடு கல்கத்தாவுக்கு வந்து, ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகான் குழுவோடு ஆடியபோது, ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தைக் கத்தரித்து, மறைக்கல்விப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்ட சிறுவர்கள் நம்மிடையே பலர். கரிஞ்சா என்றொருவர் அந்த நாளில் ரியோ நகரில் கையில் மதுக்கோப்பையோடு உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை நாம் அறிந்தோமில்லை.

அவருடைய இயற்பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சாண்டோஸ். 1933 அக்டோபர் 28ஆம் நாள், ரியோ மாநிலத்தில் பாவ் கிராந்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். நூற்பாலை ஒன்றைச் சுற்றி எழுந்த ஊர் அது. ஆலைதான் வேலை, ஆலைதான் வீடு, ஆலைதான் விளையாட்டுத் திடல். குழந்தை வளர்த்தியின்றிச் சிறுத்திருந்தமையால், அவ்வூர்ப் பக்கத்தில் காணப்படும் ஒரு சின்னஞ்சிறு பழுப்பு நிறக் குருவியின் பெயரைச் சொல்லி அவருடைய அக்காள் அழைத்தாள். அந்தக் குருவியின் பெயர்தான் கரிஞ்சா. கால்கள் இரண்டும் கோணல். வலக்கால் உட்புறமாகவும் இடக்கால் வெளிப்புறமாகவும் வளைந்து, இரண்டும் ஒரே திசையில் சாய்ந்த இரு நாணல்களைப் போன்றிருந்தன. அவரை முதன்முறை காண்பவர்கள், இவன் நேராக நடப்பானா என்றுதான் ஐயுற்றிருப்பார்கள். பதினான்கு வயதில் ஆலைக்கு வேலைக்குச் சென்றார். வேலையில் சோம்பேறி என்று நீக்கப்பட்டார். ஆலையின் கால்பந்துக் குழுவுக்கு அவர் தேவைப்பட்டதால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். முதலாளிமார் தங்கள் கொள்கையைக் கோலுக்காக விட்டுக்கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான் போலும்.

1953இல் ரியோவின் பொட்டாபோகோ சங்கம் அவரைச் சோதித்துப் பார்த்தது. அன்று அவரைத் தடுக்க நிறுத்தப்பட்டவர் நாட்டின் தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரரான நில்டன் சாண்டோஸ். அவரையே இந்தக் கோணற்கால் இளைஞர் ஏமாற்றிக் கடந்துவிட்டார். இவனை எதிரணியில் சந்திக்க நான் விரும்பவில்லை, உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் நில்டன் சொன்னதாக வரலாறு. அன்று தொடங்கிய அவர்கள் நட்பு இறுதிவரை நீடித்தது.

அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது? உண்மையைச் சொன்னால் அதில் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது. வலப்புற ஓரத்தில் பந்தோடு நிற்பார். எதிராளி முன்னால் வந்து நிற்பார். இவர் இடப்புறம் சாய்வார், எதிராளியும் சாய்வார். மறுகணம் இவர் வலப்புறமாகப் பாய்ந்து சென்றுவிடுவார். எதிராளிக்கு இது நன்றாகத் தெரியும். அரங்கில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. சில வேளைகளில், கடந்து சென்ற பிறகு நின்று திரும்பிப் பார்த்து, எதிராளி எழுந்து வரும்வரை காத்திருந்து மறுபடியும் அவரைக் கடப்பார். குழுவுக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மக்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். கால்பந்து அரங்கில் கூட்டம் கூட்டமாகச் சிரிப்பொலி எழுவதை எண்ணிப் பாருங்கள். ஆரவாரமும் அழுகையும் வசவும் எழுவது இயல்பு. சிரிப்பை அங்கே கொண்டுவந்தவர் இவர். வாரமெல்லாம் மேலாளரிடமும் கடன்காரனிடமும் ஏச்சு வாங்கிய ஏழைத் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மாலையில், தன்னைப் போன்ற ஒருவன், தன்னைவிடக் கோணலான ஒருவன், மிடுக்கான மனிதர்களைத் தரையில் உருளச் செய்வதைக் கண்டான். அவன் ஏன் சிரிக்கமாட்டான்?

பெலே அந்த வகையினர் அல்லர். 1940இல் பிறந்த அவர் கரிஞ்சாவைவிட ஏழு வயது இளையவர். வறுமை அவருக்கும் உண்டு. சிறுவயதில் காலணி துடைத்துப் பிழைத்தவர்தாம். ஆனால் அவருடைய தந்தை கால்பந்து ஆட்டக்காரர், மகனை உருவாக்கினார். ஓட்டம், தாவல், தலையால் அடித்தல், இரு கால்களாலும் உதைத்தல், உடன் ஆடுபவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே அறிதல் ஆகிய யாவும் ஒருவரிடத்தில் குறைவின்றி அமைந்திருந்தன. நாட்டுக்காக 92 ஆட்டங்களில் 77 கோல்கள். மூன்று உலகக் கோப்பைகள். மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். தம் பெயரின் விலையை அறிந்திருந்தார். காப்பித்தூள் முதல் கடன் அட்டை வரை அவருடைய பெயரும் முகமும் விற்பனைக்கு உதவின. கரிஞ்சாவோ தொகை எழுதப்படாத வெற்று ஒப்பந்தத் தாள்களில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவாராம். எவ்வளவு தருகிறீர்களோ தாருங்கள் என்பது அவருடைய கணக்கு. சங்கத்தாருக்கு இதைவிட இனிய கணக்கு வேறெது?

1958இல் ஸ்வீடனில் நடைபெற்ற உலகக் கோப்பைக்குப் புறப்படுமுன், குழுவின் உளவியலாளர் எல்லா ஆட்டக்காரரையும் சோதித்தார். பெலே குழந்தைத்தனம் மாறாதவர் என்றும், கரிஞ்சா பொறுப்பற்றவர் என்றும் கூறி, இருவரையும் ஆட விடலாகாது என்று பரிந்துரைத்தார். முதலிரண்டு ஆட்டங்களிலும் இருவரும் இறங்கவில்லை. மூன்றாவது ஆட்டம் சோவியத் நாட்டோடு, ஜூன் 15ஆம் நாள். இருவரும் இறக்கப்பட்டனர். முதல் மூன்று நிமிடங்களுக்குள் கரிஞ்சாவின் பந்து கம்பத்தில் மோதியது, பெலேயின் பந்தும் மோதியது, வாவா கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் ஸ்வீடனை 5-2 என்று வென்றார்கள். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவு பெற்றவர் இவ்விருவருமல்லர். நடுக்களத்தில் நின்ற தீதி. இன்று தீதியை நினைப்பவர் எத்தனை பேர்? புகழ் யாருக்கு ஒட்டும், யாரைவிட்டு உதிரும் என்பதற்கு விதியில்லை. பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை என்பது மட்டும் கணக்கேட்டில் நிலைத்துவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்துச் சிலி நாட்டில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமுற்று வெளியேறினார். நாடே நடுங்கியது. அப்போது கரிஞ்சா என்ன செய்தார் என்பதை இன்றும் பழைய படச்சுருள்களில் காணலாம். கால் இறுதியில் இங்கிலாந்தோடு இரண்டு கோல்கள், அவற்றுள் ஒன்று தலையால். அரையிறுதியில் சிலியோடு மேலும் இரண்டு. அந்த அரையிறுதியில், ஓயாமல் உதைபட்டவர் பொறுமையிழந்து திருப்பி உதைத்துவிட, நடுவர் வெளியேற்றினார். எனினும் இறுதியாட்டத்தில் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. காய்ச்சலோடு இறங்கினார். செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என வென்று பிரேசில் மீண்டும் கோப்பையை ஏந்தியது. இங்கிலாந்தோடு ஆடிய ஆட்டத்தின் நடுவே ஒரு நாய் களத்தினுள் புகுந்து, கரிஞ்சாவுக்கும் பிடி கொடாமல் ஓடியது. ஆங்கிலேய ஆட்டக்காரர் ஜிம்மி கிரீவ்ஸ் நான்கு கால்களால் தவழ்ந்து அதைப் பிடிக்க, அது அவர் சட்டையை நனைத்துவிட்டது. அந்த நாய் பின்னர்க் கரிஞ்சாவோடு பிரேசிலுக்குச் சென்று அவர் வீட்டில் வளர்ந்தது. பெலேயைப் பற்றி இத்தகைய கதைகள் அதிகமில்லை. கரிஞ்சாவைப் பற்றியோ நூறு கதைகள். ஸ்வீடனில் வாங்கிய வானொலிப் பெட்டி ஸ்வீடிஷ் மொழிதான் பேசும், நம் ஊரில் உதவாது என்று தோழர் ஒருவர் சொல்ல, அதை நம்பி அவரிடமே குறைந்த விலைக்கு விற்றுவிட்டார் என்பது ஒன்று. இவற்றுள் பல பத்திரிகைக்காரர்கள் கட்டியவை. கட்டுக்கதை புனையப்படுவதும் பாசத்தின் ஓர் அடையாளமே. நம் ஊர்களிலும் வீட்டின் செல்லப் பிள்ளையைப் பற்றித்தானே இப்படிப் பேசிச் சிரிக்கிறோம்?

இனிச் சொல்வது சிரிப்பதற்குரியதன்று.

1962இன் வெற்றிக்குப் பிறகு, அவர் தம் மனைவி நாயிரையும் எட்டுப் பெண்மக்களையும் விட்டுவிட்டு, புகழ்பெற்ற பாடகி எல்சா சோரெஸோடு வாழத் தொடங்கினார். பிரேசிலில் மணமுறிவுச் சட்டம் வந்தது 1977 டிசம்பரில்தான். கத்தோலிக்க நாடு கொதித்தெழுந்தது. ஆனால் சினம் பாய்ந்த திசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குடும்பத்தை விட்டு வந்தவர் கரிஞ்சா; வசவு முழுவதும் எல்சாவின் தலையில் விழுந்தது. அவர்கள் வீட்டின்மீது கற்கள் எறியப்பட்டன. தங்கள் செல்லப் பிள்ளையைக் கெடுத்தவள் என்று அவளைத் தூற்றிய மக்களுள் எத்தனை பேர், பாவ் கிராந்தேயில் எட்டுக் குழந்தைகளோடு நின்ற நாயிரின் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்? நூற்பாலையில் வேலை செய்து, ஆலைத் தோழனை மணந்தவள் அவள். அவளுக்காக எந்த அரங்கமும் ஆரவாரித்ததில்லை. இந்த வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் மனம் சென்று நிற்பது அந்த வீட்டு வாயிலில்தான்.

பெலேயின் இல்லற வாழ்விலும் குறைகள் இருந்தன. தம் மகளென்று நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு பெண்ணை அவர் அன்போடு ஏற்கவில்லை என்பதை அந்நாடு அறியும். பலர் இன்றும் குறை கூறுவர். ஆயினும் அரசனின் குறையை மக்கள் தூரத்தில் நின்று பேசினார்கள். கரிஞ்சாவின் குறையைத் தங்கள் வீட்டு வழக்கைப்போல் தெருவில் நின்று பேசினார்கள்.

முழங்கால் தேய்ந்தது. ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். 1964இல் அறுவை நடந்தது. பழைய பாய்ச்சல் திரும்பவில்லை. 1966இல் இங்கிலாந்தில், ஹங்கேரியோடு 3-1 எனத் தோற்றதே நாட்டுக்காக அவர் ஆடிய இறுதி ஆட்டம். நாட்டுக்காக ஆடிய 50 ஆட்டங்களில் அவர் கண்ட தோல்வி அது ஒன்றே. அன்று பெலே களத்தில் இல்லை.

குடி முன்னரே இருந்தது. தந்தையும் குடிக்கு இரையானவர்தாம். கரும்பிலிருந்து வடிக்கும் கச்சாசா என்னும் சாராயம் அந்த ஆலைத் தொழிலாளர்களின் அன்றாடப் பானம். உலகக் கோப்பையை வென்று ஊர் திரும்பியபோதும் பழைய தோழர்களோடு அமர்ந்து அதைத்தான் குடித்தார். பெரிய மனிதனாகிவிட்டும் எங்களை மறக்கவில்லை என்று மக்கள் அதையும் மெச்சினார்கள். அவர்கள் நேசித்த எளிமையும், அவரைக் கொன்ற பழக்கமும் ஒரே மேசையில் இருந்தன. 1969இல் அவர் ஓட்டிச்சென்ற கார் விபத்துக்குள்ளாகி, உடன் வந்த எல்சாவின் தாயார் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து அவர் மீளவேயில்லை. 1977இல் குடிவெறியில் எல்சாவைக் கைநீட்டி அடித்தார். அவரும் பிரிந்து சென்றார். 

உதவி செய்தவர் எவருமிலர் என்று சொன்னால் அது அநியாயம். 1973 டிசம்பர் 19ஆம் நாள் மரக்கானா அரங்கில் அவருக்காக நன்றியறிதல் ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பேர் பணம் கொடுத்து வந்தார்கள். நாற்பது வயதான கரிஞ்சா களத்தில் இறங்கினார். பெலேயும் அவருக்காக வந்து ஆடினார். பாதியில் கரிஞ்சா களத்தைவிட்டு நடந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. ஓர் ஆட்டக்காரரிடத்தில் ஒரு மாநகரம் காட்டக்கூடிய பாசம் அதற்குமேல் இல்லை. மறுநாள் காலையில் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, இன்றைக்குக் குடிக்காதே என்று சொல்ல ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பேரும் தேவையில்லை, ஒருவர் போதும். அந்த ஒருவராக நெடுங்காலம் நின்று போராடியவர், அவர்கள் கல்லெறிந்து விரட்டிய எல்சாதான் என்பது இந்தக் கதையின் வேதனை. 1980இல், தவக்காலத்துக்கு முந்திய கார்னிவல் ஊர்வலத்தில் அவரை அலங்கார வண்டியில் அமர்த்தி இழுத்துச் சென்றார்கள். தம்மைச் சுற்றி நடப்பதை உணராதவராய், முகத்தில் களையின்றி அவர் அமர்ந்திருந்ததைக் கண்டவர்கள் நெஞ்சடைத்துப் போனார்கள்.

1983 ஜனவரி 20ஆம் நாள், நாற்பத்தொன்பது வயதில், குடியால் உடல் சிதைந்து ரியோவின் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். பொட்டாபோகோ கொடி போர்த்திய உடலை மரக்கானாவில் வைத்தார்கள். பல்லாயிரவர் வந்து அழுதார்கள். பின்னர்த் தீயணைப்பு வண்டியொன்றில் ஏற்றிப் பாவ் கிராந்தேக்குக் கொண்டு சென்றார்கள். வழிநெடுக மக்கள் நின்றார்கள். ஊர்திகள் நகர முடியவில்லை. 39 ஆண்டுகள் கழித்து, 2022ஆம் ஆண்டின் அதே ஜனவரி 20ஆம் நாள், எல்சா சோரெஸ் 91 வயதில் காலமானார். அதற்குள் பிரேசில் அவரைத் தன் தலைசிறந்த பாடகியருள் ஒருவராகக் கொண்டாடத் தொடங்கியிருந்தது.

2022 டிசம்பர் 29ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாக் குடில்கள் இன்னும் பிரிக்கப்படாதிருந்த வேளையில், பெலே இறந்த செய்தி வந்தது. அவர் ஆடிய சாண்டோஸ் சங்கத்தின் அரங்கில் உடல் வைக்கப்பட்டபோது, இரவும் பகலுமாக இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் வந்து வணங்கிச் சென்றார்கள். அவரையும் ஒரு தீயணைப்பு வண்டிதான் சுமந்தது. நூறு வயது நிரம்பிய தாயார் வாழ்ந்த வீட்டின் முன்னால் அந்த ஊர்வலம் சற்றே நின்றது.

எவர் பெரியவர் என்னும் வழக்கு இதனோடு தீர்ந்துவிடவில்லை. 2000இல் ஃபிஃபா நிறுவனம் நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க முனைந்தபோது, இணையத்தில் வாக்களித்தோர் பாதிக்கு மேல் அர்ஜென்டினாவின் மரடோனாவையே தெரிந்தெடுத்தனர். அனுபவமிக்கோர் குழு பெலேயைத் தெரிந்தெடுத்தது. இறுதியில் இருவருக்கும் விருதளித்துச் சமாதானம் செய்தார்கள். பெலே உயிரோடிருந்த 2021இல், மரக்கானா அரங்கிற்கு அவர் பெயரைச் சூட்ட ரியோ சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த அரங்கம் எழக் காரணமாயிருந்த பத்திரிகையாளர் மாரியோ பில்யோவின் பெயரை நீக்கலாகாது என்று மக்கள் எதிர்த்ததால், ஆளுநர் அதைத் தள்ளிவிட்டார். அந்நாட்டின் தலைநகராகிய பிரசிலியாவிலுள்ள தேசிய அரங்கமோ கரிஞ்சாவின் பெயரால், அதுவும் 'மனே' என்னும் அவருடைய செல்லப்பெயரோடு வழங்குகிறது.

நம் இளைஞர்கள் இன்று மெஸ்ஸி, ரொனால்டோ என்று வழக்காடுவதைக் கேட்கிறோம். நன்றாக வழக்காடட்டும். நமக்கோ பெலேயின் ஆட்டத்தைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது. கரிஞ்சாவின் ஆட்டத்தைக் காணும்போது நம்மை அறியாமல் சிரிப்பு வந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு இவ்விருவருள் எவருக்குக் கிடைத்த அன்பு கிடைக்க வேண்டும் என்று ஒருவர் நம்மைக் கேட்டால், பெலேயைச் சுட்டிவிட்டு அப்பால் போவோம்.

சாண்டோஸ் நகரில், பல மாடிகளாய் உயர்ந்த கல்லறை மாளிகையொன்றில் பெலேயின் நினைவிடம் உள்ளது. செயற்கைப் புல் விரித்துக் களம்போலவே அமைத்திருக்கிறார்கள். 2023 மே மாதத்தில் மக்கள் பார்வைக்கு அது திறக்கப்பட்டது. பாவ் கிராந்தேக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில், இங்கே இளைப்பாறுகிறவர் மக்களின் மகிழ்ச்சியாக இருந்தவர் என்னும் கருத்தில் எழுதப்பட்ட கல் நிற்கிறது. அவருடைய எலும்புகள் அங்கேதான் இருக்கின்றனவா, வேறு குழிக்கு மாற்றப்பட்டனவா என்று கல்லறை அலுவலர்களால் சொல்ல இயலவில்லை என்னும் செய்தி 2017இல் வெளிவந்தது. எந்தக் குழியின்மேல் மலர் வைப்பது என்று அவருடைய பெண்மக்களுக்கும் தெரியவில்லை.